உதவி: பாலிஷ் போட்ட இடத்தில் வெள்ளை மங்கல், கொஞ்சம் அவசரம்

புதுசாரதி:
காரைக் கழுவி பாலிஷ் போட்டேன். வெயில் பட்டால் பானெட்டில் வட்ட வட்டமாகக் கீறல், புகை படிந்த மாதிரி மங்கல். தண்ணீர் ஊற்றினால் மறைகிறது, காய்ந்ததும் திரும்ப வருகிறது. நாளை வண்டி எடுக்க வேண்டும். என்ன போட்டால் போகும்?

நிழல்விரும்பி:
என்ன நிறம்? பாலிஷா, இல்லை மேல்பரப்பைத் தேய்த்துக் கீறலைக் குறைக்கும் பசையான ரப்பிங் காம்பவுண்டா? கையாலா, மெஷினாலா? பானெட் ரீபெயின்ட் ஆனதா?

தட்டுமுட்டு:
உப்புத் தண்ணீர்க் கறைதான். வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

மைக்ரான்:
உப்புக்கறை பொட்டுப் பொட்டாக இருக்கும், சுழி சுழியாக வராது. இந்த அடிப்படை தெரியாதவர்கள் தயவுசெய்து பதில் போடாதீர்கள். கேட்டவரும் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படித்திருந்தால் இந்த இழைக்கே வேலை இல்லை. நிறத்துக்கு மேலே உள்ள கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லியது. காம்பவுண்ட் போடும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தேய்ந்து போகிறது.

ஓரமாநில்:
இவ்வளவு பேச்சு எதற்கு? நல்ல வாக்ஸ் ஒரு கோட் அடித்தால் முடிந்தது.

நிழல்விரும்பி:
வாக்ஸ் கீறலை நிரப்பி மறைக்கும், எடுக்காது. சில முறை கழுவியதும் மறுபடி தெரியும்.

புதுசாரதி:
கறுப்பு. காம்பவுண்ட்தான். கையால், பழைய பனியன் துணியில். வண்டி வெயிலில் நின்றது. பாத்திரம் கழுவும் லிக்விடில் கழுவினேன். கம்பெனி பெயின்ட்.

தட்டுமுட்டு:
அந்த லிக்விட் பெயின்ட்டையே அரித்துவிடும்!

மைக்ரான்:
அரிக்காது. இருக்கிற வாக்ஸை இறக்கிவிடும், அவ்வளவுதான். பாலிஷுக்கு முன்னால் அதற்காகவே அதில் கழுவுபவர்கள் உண்டு.

தட்டுமுட்டு:
அப்படியென்றால் கார் ஷாம்பு எதற்கு விற்கிறார்கள்?

மைக்ரான்:
வாராவாரம் கழுவ. இரண்டும் வேறு வேலை.

நிழல்விரும்பி:
லிக்விட் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். புதுசாரதி, சூடான தகட்டில் காம்பவுண்ட் உடனே காய்ந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்ததை பனியன் துணியால் அழுத்தித் துடைத்தால் அதுவே கீறும். கறுப்பில் அப்பட்டமாகத் தெரியும். முதலில் வண்டியை நிழலுக்குக் கொண்டுபோய், தகட்டில் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும்வரை காத்திருங்கள். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் (துடைக்கப் பயன்படும் ஸ்பிரிட்) பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஒரு சின்ன இடத்தில் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். மங்கல் போனால் அது காம்பவுண்ட் மிச்சம். போகாவிட்டால் நுண்கீறல், அதற்கு ஃபினிஷிங் பாலிஷும் (காம்பவுண்டை விட நைசானது) மெத்தென்ற பஞ்சுப் பேடும் போதும். உள்ளங்கை அகல இடத்தில் சோதித்துப் பார்த்து, சரியாக வந்தால் மட்டும் மற்ற இடத்துக்குப் போங்கள். துடைக்க சுத்தமான மைக்ரோஃபைபர் துணி. கீழே விழுந்த துணியை மறுபடி தொடவே வேண்டாம். ஓரங்களிலும் மடிப்புகளிலும் கிளியர் கோட் இன்னும் மெல்லியது, அங்கே அழுத்தாதீர்கள். நகத்தால் வருடும்போது நகம் மாட்டுகிற கீறல் எந்தப் பாலிஷிலும் போகாது, அதைத் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள்.

ஓரமாநில்:
இதையெல்லாம் செய்த பிறகாவது வாக்ஸ் போடலாமா?

நிழல்விரும்பி:
போடலாம். கடைசியாக.

புதுசாரதி:
ஆல்கஹாலில் முக்கால்வாசி போய்விட்டது. வட்டக் கீறல் மட்டும் அப்படியே இருக்கிறது, பாலிஷ் வாங்க வேண்டும். நன்றி அண்ணா.

தட்டுமுட்டு:
கூரையிலும் இருக்கிறதா, பானெட்டில் மட்டுமா?