உண்ணிக்கடியும் லைம் நோயும்: எதைக் கவனிப்பது?

கேள்வி (காட்பாடி): லைம் நோய் அதிகமுள்ள அமெரிக்க மாநிலமான கனெக்டிகட்டில் ஒரு மாதம் தங்கி ஊர் திரும்பிய என் தம்பியின் தொடையில் அரிப்பில்லாத சிவந்த தடிப்பு ஒன்று நாளுக்கு நாள் படர்ந்துகொண்டே போகிறது. இது உண்ணிக்கடியால் பரவும் பாக்டீரியாத் தொற்றான லைம் நோயின் அறிகுறியா?

பதில் (ஆற்காடு): உண்ணி கடித்த 3 முதல் 30 நாட்களுக்குள், காய்ச்சலும் உடல்வலியும் சேர்ந்தோ சேராமலோ, இப்படி விரியும் தடிப்பே முதல் அடையாளம், படங்களில் காட்டுவதுபோல் நடுவில் வெளிறிய வளையமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இக்கட்டத்தில் இரத்தப் பரிசோதனை நோய் இல்லையென்று தவறாகக் காட்டக்கூடும் என்பதால், பயண விவரத்தை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பதில் (வாணியம்பாடி): கவனிக்காமல் விட்டால் சில வாரங்களில் முகம் ஒருபக்கம் கோணலாம், இதயத்துடிப்பு தடுமாறலாம், மாதங்கள் கழித்து முழங்கால் வீங்கலாம்.

பதில் (ஒடுகத்தூர்): ஜவ்வாது மலைப் பக்கம் போய்வந்தவருக்குக் காய்ச்சலோடு கருகிய பொருக்கும் இருந்தால், அது புதர்களில் வாழும் நுண்ணிய பூச்சிகளின் கடியால் வரும் ஸ்கிரப் டைஃபஸ் என்ற தொற்றாக இருக்கலாம், வெளிநாடு போகாதவருக்கு அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

கேட்டவர்: பொருக்கு இல்லை, தடிப்பு மட்டுமே. நாளை காலையே அழைத்துச் செல்கிறேன்.