டஸ்கியா, புள்ளி ஈப்பிடிப்பானா? படம் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வொர்த் சில்வர்கிளென் காட்டோரத்தில் மார்ச் கடைசியில் எடுத்த, ஈப்பிடிப்பான் என்ற சிறு பறவையின் மூன்று படங்கள் இவை. ஆஷி ஈப்பிடிப்பான் (Ashy Flycatcher) வகை இல்லை என்பது நிச்சயம்; நீலச் சாம்பல் நிறமும் கண்ணைச் சுற்றிய வெள்ளைக் கீற்றும் இல்லை. மீதி இரண்டு வகைகளில், டஸ்கி ஈப்பிடிப்பானா (African Dusky Flycatcher), புள்ளி ஈப்பிடிப்பானா (Spotted Flycatcher) என்பதுதான் கேள்வி.

உச்சந்தலையில் கோடு இருந்தால் புள்ளி, வெறுமையாக இருந்தால் டஸ்கி. ஆனால் மூன்று படமும் கீழிருந்து எடுத்தவை, நெற்றி மட்டும்தான் தெரிகிறது. அங்கே மெல்லிய கீறல் ஒன்று உண்டு. இலை நிழலாகவும் இருக்கலாம். மார்பில் தனித்தனிக் கோடு இல்லை, கலங்கிய கறைதான். அது டஸ்கியைக் காட்டுகிறது. ஆனால் போகஸ் சற்றுப் பிசகினாலே புள்ளியின் கோடுகளும் இப்படிக் கலங்கிவிடும், மார்பை மட்டும் நம்ப முடியாது. இரண்டாம் படத்தில் மடித்த இறக்கையின் நுனி வாலின் பாதிவரை நீள்கிறது. ஐரோப்பாவிலிருந்து வந்துபோகும் புள்ளிக்குத்தான் அவ்வளவு நீண்ட இறக்கை. புள்ளி 14 செ.மீ., டஸ்கி 12 என்ற அளவு, பக்கத்தில் வேறு பறவை இல்லாமல் உதவாது. மாதமும் கைகொடுக்கவில்லை: மார்ச் கடைசியில் புள்ளி இன்னும் இங்கே இருக்கும்.

இறக்கை நீளத்தைத் தயவுசெய்து பெரிதாக்கிப் பாருங்கள். டர்பன் பக்கம் ஜூன், ஜூலையில் எடுத்த படம் யாரிடமாவது இருந்தால் போடுங்கள் அண்ணன்மாரே, அக்காமாரே. அப்போது புள்ளி இங்கே இருக்காது, ஒப்பிட நம்பகமான டஸ்கி கிடைக்கும். பக்கவாட்டில், இறக்கை மடித்து உட்கார்ந்த படமாக இருந்தால் நல்லது.