தக்களி நூலில் குரோஷா: துணி சாய்ந்துபோகிறது, வழி சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மன்னார்குடிப் பக்கம். பரணைச் சுத்தம் செய்தபோது, அப்பா பள்ளியில் நூற்ற பித்தளைத் தக்களி (கையால் சுழற்றி நூல் நூற்கும் சிறு கதிர்) கிடைத்தது. விடுவேனா? நெல் அறுத்த வயலில் பக்கத்து வீட்டு அத்தை போட்டிருந்த பருத்தியில் இரண்டு கைப்பிடி வாங்கி, கொட்டை நீக்கி நூற்றுக்கொண்டிருக்கிறேன்.

நூல் ஓரிடத்தில் மயிர்போலவும் ஓரிடத்தில் மண்புழுபோலவும் வருகிறது. அதுகூடப் பரவாயில்லை. அந்த ஒற்றை இழையில் குரோஷா ஊசியால் (முனையில் கொக்கி உள்ள பின்னல் ஊசி) சதுரம் பின்னினால், பத்தாவது வரிசையில் சாய்சதுரமாகி நிற்கிறது! கண்ணிகளை எண்ணிவிட்டேன், வரிசைக்கு 20 சரியாக இருக்கிறது. முறுக்கு மிகுதிதான் காரணம். நூலைத் தளரவிட்டால் தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. இரண்டு இழைகளைச் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கினால் சமனாகும் என்று தெரியும். ஆனால் சேர்க்கும்போது நூல் உருண்டைகள் தரையில் ஓடிச் சிக்காகிவிடுகின்றன. நேற்று பூனையும் சேர்ந்துகொண்டது.

தக்களியிலேயே இழை சேர்ப்பவர்கள் உருண்டைகளை எதில் போட்டு வைக்கிறீர்கள்? முறுக்கியபின் நனைத்துக் காயவைக்க வேண்டுமா? கொட்டை நீக்கிக் கோதிய பருத்திப் பஞ்சு கும்பகோணம், திருவாரூர்ப் பக்கம் எங்கேனும் கிடைக்குமா? இங்கே மெத்தைக் கடையில் இலவம்பஞ்சுதான் தந்தார்கள். அது வழுக்கிக்கொண்டு போகிறது, நூலாக நிற்பதில்லை.