பதில்: செயலி போன பின்னும் கடையில் கிடக்கும் நிரலுக்கு என்ன பெயர்?

எல்லோருக்கும் வணக்கம். இணையக் கடை நடத்த உதவும் ஷாப்பிஃபையில் ஒரு செயலியை நீக்கிய பின்னும், கடையின் தீமுக்குள் (பக்கங்களின் தோற்றத்தை அமைக்கும் கோப்புகளுக்குள்) அது எழுதிய நிரல் வரிகள் மிஞ்சிவிடும். அவற்றைத் தமிழில் எப்படி அழைப்பது என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> 'கோஸ்ட் கோட்' என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள், பேய்நிரல் என்றே வைத்துவிடலாம்.

தம்பி, சென்னையில் எடுபடலாம். இங்கே கொழும்பில் எடுபடாது. பேய்க்காட்டுவது என்றால் எங்களுக்கு ஏமாற்றுவது. வெள்ளவத்தைக் கடைக்காரரிடம் "உங்கள் தளத்தில் பேய்நிரல் இருக்கிறது" என்று சொன்னால், தன்னை யார் பேய்க்காட்டியது என்றுதான் முதலில் கேட்பார். உண்மையில் யாரும் ஏமாற்றவில்லை. ஷாப்பிஃபையில் ஒரு செயலியை நீக்கியதுமே, கடைக்குள் நுழைய அதற்கிருந்த அனுமதி ரத்தாகிவிடும். நீக்கிவிட்டார்கள் என்ற செய்தி செயலிக்குப் போய்ச் சேரும்போது அதன் கையில் சாவி இல்லை. தீமுக்குள் தான் எழுதிவைத்ததைத் துடைக்க நினைத்தாலும் வழியில்லை. ஆகவே பெயரிலேயே குற்றம் சுமத்த வேண்டாம் என்பது என் கட்சி. இந்த இழையில் ஓர் அக்கா சொன்ன 'ஒட்டுண்ணி நிரல்' எனக்கு ஒத்துவராததும் இதனால்தான்.

> குப்பைநிரல்?

குப்பை என்றாலே அள்ளிக் கொட்டத்தான் தோன்றும். கடைக்காரரும் அதைத்தான் செய்வார். மொத்த விற்பனைக்கான செயலி ஒன்று வாடிக்கையாளர் கணக்குகளில், இவர் மொத்தமாக வாங்குகிறவர் என்று குறிச்சொல் (டேக்) போட்டிருக்கும். செயலி போனாலும் குறிச்சொல் இருக்கும். புறக்கோட்டையில் மொத்தமாக வாங்குகிறவர்கள் யார் யார் என்பதற்குச் சில கடைகளில் அதுதான் ஒரே பட்டியல். மிஞ்சியதெல்லாம் வேண்டாதது அல்ல. தவிர, கணினி நினைவகத்தில் இனித் தேவைப்படாத இடத்தை விடுவிப்பதற்கு 'குப்பை சேகரிப்பு' என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது.

என் பரிந்துரை எச்சநிரல். காக்கை எச்சம்தான் நினைவுக்கு வருகிறது என்று இங்கே ஓர் அண்ணா எழுதியிருந்தார். சரி, வரட்டும். ஆனால் வினையெச்சத்திலும் இருப்பது இதே சொல். 'வந்து' என்று நின்றால் மனம் அடுத்த வினையைத் தேடும். போன கிழமை காலி வீதிச் சேலைக் கடை ஒன்றின் தளத்தில் பார்த்தது அச்சொட்டாக இதுதான். காஞ்சிபுரம் பட்டின் விலைக்குக் கீழே, முன்பு நட்சத்திரங்கள் இருந்த இடத்தில், 'லிக்விட் எரர்: குட் நாட் ஃபைண்ட் அசெட்' என்று ஒரு வரி. (லிக்விட் என்பது தீம் கோப்புகள் எழுதப்படும் மொழி; கோப்பைக் காணவில்லை என்கிறது.) மதிப்புரைச் செயலியை எடுத்தபோது யாரோ அதன் ஸ்னிப்பெட்டை (தீமுக்குள் இருக்கும் சிறு துண்டுக் கோப்பை) அழித்துவிட்டு, அதைப் பக்கத்துக்குள் அழைக்கும் ரெண்டர் வரியை விட்டுவிட்டார்கள். அந்த வரியோ, இப்போது இல்லாத கோப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறது. (முதலில் அழைக்கும் வரியை எடுக்க வேண்டும், அப்புறம் கோப்பை. அதையும் தீம் முழுவதையும் நகலெடுத்து, நகலில் செய்து பார்க்க வேண்டும்.)

இது கண்ணுக்குத் தெரிகிற வகை. எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவான தீம்.லிக்விட் கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் வரி மிஞ்சினால் பக்கத்தில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் திறக்கும்போது, தொடர்பே விட்டுப்போன ஒரு சேவையகத்தைக் கூப்பிடும். கைபேசியில் சேலை பார்க்கிறவர் அதனால் காத்திருக்க வேண்டிவரலாம்.

வரையறையில் கவனம் வேண்டும். தீம் கோப்பைத் தொடாமல் ஷாப்பிஃபையே பக்கத்தில் ஸ்கிரிப்ட்டைச் சேர்க்கும் ஸ்கிரிப்ட்டாக் வழியாகச் சேர்ந்தவை செயலியோடு தாமாகவே போய்விடும். 2021இல் வந்த ஆன்லைன் ஸ்டோர் 2.0 என்ற ஷாப்பிஃபையின் புதிய தீம் முறைப்படி தீம் நீட்சியாகச் சேர்ந்தவையும் அப்படியே. ஆகவே தீம் கோப்புகளுக்குள் எழுதப்பட்டு மிஞ்சியதை மட்டும் எச்சநிரல் என்போம். குறிச்சொல், மெட்டாஃபீல்ட் (பொருள், வாடிக்கையாளர் போன்றவற்றுடன் சேர்த்துவைக்கும் கூடுதல் தகவல்) போன்றவை எச்சத்தரவு. இரண்டையும் பார்த்து, வேண்டியதை வைத்து, மற்றதை எடுக்கும் வேலை எச்சநீக்கம்.

> இலங்கைப் பாடநூலில் செய்நிரல் அல்லவா?

ஆம், நானும் அதைப் படித்துத்தான் வந்தேன். 'எச்சச் செய்நிரல்' என்று வேகமாக ஒருமுறை சொல்லிப் பாருங்கள். மேலும், முழுதாக ஓடுவதற்குத்தான் செய்நிரல் பொருந்தும். இங்கே கிடப்பது துண்டு வரிகள். நிரல் போதும்.

எச்சத்தரவு சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்பதைப் புணர்ச்சி தெரிந்தவர்கள் தீர்த்துவையுங்கள். சேலைக் கடைக்கு இந்தக் கிழமைக்குள் பில் எழுத வேண்டும், அதில் இந்தச் சொற்களைத்தான் போடப்போகிறேன்.