தாத்தா குரல் உள்ள கேசட்: உதவி தேவை

வணக்கம். தாத்தா திண்ணையில் கதை சொல்லிச் சிரிக்க வைத்ததைப் பதிந்த சி-90 கேசட் ஒன்று, பக்கத்துக்கு 45 நிமிடம். கணினியில் ஏற்ற வேண்டும்.

நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சுப் பட்டை பசை காய்ந்து விழுந்துவிட்டது. அதனால் நாடா, ஒலியைப் படிக்கும் ஹெட்டில் சரியாகப் படியாமல் குரல் மங்கி மங்கி வருகிறது. கூடு திருகு இல்லாமல் ஒட்டிய ரகம். இணைப்பில் பிளேடு வைத்துப் பிளந்து, ஐந்து திருகுள்ள கூட்டுக்குச் சுருளை மாற்றலாம் என்றிருக்கிறேன். அப்படிப்பட்ட காலிக் கூடு சென்னையில் எங்கே கிடைக்கும்? ரிச்சி தெருவில் யாராவது பார்த்தீர்களா?

ஓரிடத்தில் நாடா அறுந்திருக்கிறது. சாதா செலோ டேப் வேண்டாம், ப்ளீஸ். அதன் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கென்றே உள்ள ஸ்ப்ளைசிங் டேப் யாரிடமாவது ஒரு விரல் நீளம் இருந்தால் போதும்.

லேப்டாப் மைக் துளை பெரும்பாலும் மோனோ, ஒலியும் சிதைந்து வரும். எனவே லைன்-இன் (டேப் ரெக்கார்டர் போன்றவற்றின் ஒலியை நேராக வாங்கும் துளை) உள்ள யூஎஸ்பி கருவி வேண்டும். பதிவு அமைப்பு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு, ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபல் என்று நினைத்திருக்கிறேன்.

முக்கியச் சந்தேகம் இதுதான். இரைச்சல் நீக்கியை அதிகம் வைத்தால், கதை முடியும் முன்னே அவரே சிரித்து மூச்சு வாங்கும் 'ஹ்ஹ்ஹ்' சத்தமும் இரைச்சலோடு போய்விடுகிறது. நீக்கும் அளவை 12 டெசிபலிலிருந்து 6 ஆகக் குறைத்தால் அந்தச் சிரிப்பு தப்புமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.