அசிமோவின் ‘பவுண்டேஷன்’: பிபிசி வானொலி நாடகத்தில் பேரரசின் சரிவு காதுக்கு எட்டுகிறதா?

ஒலிவாசகன்:
ஐசக் அசிமோவின் ‘பவுண்டேஷன்’ மூன்று நூல்களையும் பிபிசி 1973-இல் வானொலி நாடகமாக்கியது. ஒரு மணி நேர அளவில் எட்டுப் பகுதிகள். முதல் நான்கைப் பேட்ரிக் டல்லும் அடுத்த நான்கை மைக் ஸ்டாட்டும் எழுத, டேவிட் கெயின் இயக்கினார். 12,000 ஆண்டுகள் நிலைத்த விண்மீன் பேரரசு சரிவதையும், அதைத் தொடரவிருக்கும் 30,000 ஆண்டு இருண்ட காலத்தை 1,000 ஆண்டுகளாகக் குறைக்க, எதிர்காலத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் கணிதவியலாளர் ஹாரி செல்டன் வகுத்த திட்டத்தையும் சொல்லும் இக்கதைக்கு வானொலியே மிகப் பொருத்தமான ஊடகம் என்பது என் உறுதியான கருத்து.

காரணம் எளியது. இந்நாவலில் போர்கள் பெரும்பாலும் திரைக்குப் பின்னால்தான் நடக்கின்றன. நாம் காண்பதெல்லாம் அறைகளில் அமர்ந்து பேசும் மனிதர்களைத்தான். செல்டன் நிறுவிய பவுண்டேஷன் என்னும் அறிஞர் குடியேற்றம் இருக்கும் டெர்மினஸ் கோளுக்குப் பேரரசின் தூதராக வரும் டோர்வின் பிரபுவை எண்ணிப் பாருங்கள். மூக்குப்பொடி போட்டுக்கொண்டு, ‘ர’கர ஒலியை மழுங்கடித்து இழுத்துப் பேசும் அவர், தம்மைத் தொல்லியல் அறிஞர் என்று சொல்லிக்கொள்கிறார்; ஆனால் ஒரு கோளுக்கும் நேரில் சென்று ஆராய வேண்டியதில்லை, பழைய ஆசிரியர்களின் நூல்களை ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்வதே ஆய்வு என்று நம்புகிறார். அவருடைய ஐந்து நாள் பேச்சையும் தர்க்கக் குறியீடுகளால் பகுத்துப் பார்த்தபோது, பொருள் என்று எதுவுமே மிஞ்சவில்லை என்கிறார் டெர்மினஸின் மேயர் சால்வர் ஹார்டின். ஒரு பேரரசு அறிவளவில் செத்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இதைக் கண்ணுக்குக் காட்டத் தேவையில்லை. காதுக்குக் கேட்டாலே போதும்.

கங்குல்:
நண்பர் ஒலிவாசகன் அவர்களே, டோர்வினைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் அது ஒரு காட்சி மட்டுமே. சரிவு என்பது ஒரே அறையில் நிகழ்வதில்லை. தலைமுறைகளின் இடைவெளியில் நிகழ்கிறது. நூலில் ஒரு பகுதி முடிந்து அடுத்த பகுதி தொடங்கும்போது முப்பது ஆண்டுகளோ ஐம்பது ஆண்டுகளோ கடந்திருக்கும். நேற்றுவரை நாயகனாக இருந்தவர் இன்று பழங்கதை ஆகியிருப்பார். அந்த இடைவெளியை வாசகன் நின்று உணர்கிறான். வானொலியிலோ ஒரு குரல் அடங்கி இன்னொரு குரல் தொடங்குகிறது, அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. முதல் நூலின் ஐந்து பகுதிகளில் ‘வணிகர்கள்’ என்ற பகுதி நாடகத்தில் இடம்பெறவில்லை. ‘மேயர்கள்’ பகுதியிலிருந்து நேரே ‘வணிக இளவரசர்கள்’ பகுதிக்குத் தாவிவிடுகிறார்கள். அது சிறிய பகுதிதான். ஆனால் பவுண்டேஷன் அண்டை உலகங்களை அடக்கப் பயன்படுத்திய மதத்தின் பிடி தளர்ந்து வணிகத்தின் கை ஓங்கும் திருப்பம் அங்கேதான் தொடங்குகிறது. அதை விட்டுவிட்டால் அடுத்த பகுதியின் நாயகனான வணிகர் ஹோபர் மாலோ திடீரென வானத்திலிருந்து குதித்தவர் போலத் தோன்றுகிறார்.

பொன்னி:
இருவருமே தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். அசிமோவ் இக்கதையை எழுதத் தூண்டியது ரோமப் பேரரசின் வீழ்ச்சியைப் பற்றி எட்வர்ட் கிப்பன் எழுதிய வரலாறு. ஓர் ஆங்கிலேயரின் வரலாற்றிலிருந்து ஓர் அமெரிக்கர் உருவாக்கிய கதையை, தன் பேரரசையே இழந்து முடித்திருந்த பிரிட்டன் 1973-இல் தன் குரலில் நடித்தது என்பது எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அந்நாட்டின் நடுவயது நேயர்கள் 1947-ஐயும் 1956-இன் சூயஸ் நெருக்கடியையும் தம் வாழ்நாளிலேயே கண்டவர்கள். இன்னொன்று: முதல் நூலில் பெண்கள் ஏறக்குறைய இல்லை என்பதால், அதைத் தழுவிய தொடக்கப் பகுதிகள் ஆண்களின் சபையாகவே ஒலிக்கின்றன, இரண்டாம் நூலின் நாயகி பேய்ட்டா வரும்வரை அந்தக் குறை தீர்வதில்லை.

ஒலிவாசகன்:
பொன்னி சொல்வது சரி. ஆனால் அந்தக் குறை மூலநூலுக்கு உரியது.

கங்குலுக்கு என் மறுமொழி இது. சரிவைக் காட்டக் கால இடைவெளி மட்டுமே வழி அன்று. நாடகத்தின் நான்காம் பகுதியில் வரும் பேரரசின் தளபதி பெல் ரியோஸை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியனின் தளபதி பெலிசாரியஸின் சாயலில் படைக்கப்பட்டவர். களத்தில் அவர் தோற்கவே இல்லை. வெற்றி பெற்றதாலேயே பேரரசரின் ஐயத்துக்கு ஆளாகித் திரும்ப அழைக்கப்பட்டு உயிரை இழக்கிறார். வலிமையற்ற பேரரசரின் கீழ் வலிமையுள்ள தளபதி அரியணையைப் பிடிப்பான். வலிமையுள்ள பேரரசரோ அத்தளபதியை வாழ விடமாட்டார். ஆகவே பவுண்டேஷனைத் தாக்கி வெல்லக்கூடியவர் எவரும் எஞ்சுவதில்லை. முதியவர் டியூசெம் பார் இதை விளக்கும் இடத்தில் வெடிச்சத்தமோ கப்பலோ தேவையில்லை. அவருடைய நிதானமான குரலே போதுமானது.

பிறர் மனங்களை மாற்றியே உலகங்களைக் கைப்பற்றும் மியூல் வரும் பகுதிகளிலும் வானொலிக்கு ஓர் அனுகூலம் இருக்கிறது. கோமாளி மாக்னிஃபிகோதான் உலகை வெல்லும் மியூல் என்பது இறுதியில்தான் வெளிப்படுகிறது. அதுவரை மியூல் தன் சொந்தக் குரலில் எங்கும் பேசுவதில்லை; ஆகவே ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க நேயரிடம் இரண்டாவது குரல் இல்லை. ரகசியம் பத்திரமாக இருக்கிறது.

கங்குல்:
ரகசியம் பத்திரமாக இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோமாளியின் விசி-சோனார் கருவி ஒளியையும் ஒலியையும் சேர்த்து எழுப்பி மனங்களை நிலைகுலையச் செய்வது. வானொலி அதில் பாதியைத்தான் தர முடியும். எழுத்து, ஒளி நிறம் மாறுவதைச் சொல்லால் காட்டிவிடுகிறது. நாடகத்தில் அந்த இடத்தை மின்னொலிகளே நிரப்ப வேண்டியிருக்கிறது. பிபிசியின் மின்னொலிப் பிரிவான ரேடியோபோனிக் பட்டறையில் இசையமைத்தவர் கெயின் என்பதால் அவ்வொலிகளுக்குப் பஞ்சமில்லை. என் காதுக்கு அவை பல இடங்களில் உரையாடலை அமுக்கிவிடுகின்றன.

நான் முதலில் சொன்ன குறைக்கே திரும்புகிறேன், ஏனெனில் அதற்கு நீங்கள் விடை அளிக்கவில்லை. பவுண்டேஷனின் முந்நூறாம் ஆண்டளவில், எப்போதோ இறந்துவிட்ட செல்டன் முன்பே பதிவு செய்துவைத்த உருவம் கால அறையில் தோன்றி, சுதந்திர வணிகர்களுக்கும் பவுண்டேஷனுக்கும் நடக்கும் உள்நாட்டுப் போரைப் பற்றிப் பேசுகிறது. வெளியே மியூலின் படை வந்துகொண்டிருக்கிறது. கூடியிருப்பவர்கள் திகைத்து நிற்கிறார்கள். செல்டனின் கணக்கு முதன்முறையாகப் பிசகும் இடம் அது. அந்தப் போர் ஏன் எதிர்பார்க்கப்பட்டது என்பது விளங்க வேண்டுமானால், வணிகர்கள் எவ்வாறு ஒரு தனிச் சக்தியாக எழுந்தார்கள் என்பதை நேயர் முன்பே கேட்டிருக்க வேண்டும். மாலோவும், ரியோஸ் வரும் பகுதியின் வணிகர் லேதன் டெவர்ஸும் அதற்குப் போதாது. எட்டு மணி நேரத்தை ஒதுக்கியவர்கள் ‘வணிகர்கள்’ பகுதியின் நாயகன் பொன்யெட்ஸின் கதைக்காக ஒன்பதாவது மணி நேரத்தையும் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பதே என் வாதம்.