வேர் ஸ்கேன்: ஒரே தட்டு, ரெண்டு நீளம். அவசர உதவி

நாற்றுமுடி: நெல் வேரைக் கழுவி ஸ்கேன் பண்ணி ரைசோவிஷன் எக்ஸ்ப்ளோரர்ல (படத்திலிருந்து வேர் நீளம் அளக்குற மென்பொருள்) போட்டேன். முதல்ல 14 மீட்டர். தட்டை அசைக்காம மறுபடி ஸ்கேன் பண்ணினா 22. எது சரி? நாளைக்கு கைடுகிட்ட காட்டணும்.

சல்லிவேர்: எத்தனை டி.பி.ஐ. (ஒரு அங்குலத்துக்கு எத்தனை புள்ளி)? வெளிச்சம் மேலிருந்தா கீழிருந்தா? படத்தைச் சேமிச்சது ஜேபெக்கா (தரம் கொஞ்சம் குறையும்) டிஃப்பா (குறையாது)?

களிமண்: தண்ணி எவ்வளவு ஆழம்? 5 மில்லிமீட்டருக்கு மேல இருந்தா வேர் மிதந்து ஃபோகஸ் போயிடும். குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தினா கொஞ்ச நேரத்துல வேர்மேல குமிழி கட்டும். அதையும் வேர்னு எண்ணிடும். கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணி ஊத்துங்க. என் சந்தேகம் குமிழிமேலதான்.

மூத்தகுடி: டி.பி.ஐ. சொல்லாம நீளம் கேட்கிறது, எடை சொல்லாம மருந்தளவு கேட்கிற மாதிரி. இதே கேள்விக்கு இந்த மன்றத்தோட பழைய இழைகள்ல பதில் இருக்கு. தேடிப் படிச்சிட்டு வரலாமே.

நாற்றுமுடி: 300. ஜேபெக். வெளிச்சம் மூடியிலிருந்து. ஸ்கேனர் முதல்ல ஆட்டோ மோடு, ரெண்டாவது புரொபஷனல் (செட்டிங்கை நாமே போடுறது).

சல்லிவேர்: அப்ப ரெண்டுமே சரியில்ல. 300-ல ஒரு பிக்சல் 85 மைக்ரான் (0.085 மி.மீ.). நெல்லோட குட்டைப் பக்கவேர் 80 மைக்ரானுக்கும் கீழே. ஒரு பிக்சலைக்கூட நிரப்பாம மங்கின சாம்பலா விழும். ஆட்டோ மோடு எக்ஸ்போஷரைத் தானே மாத்தும், பல ஸ்கேனர்ல தூசி நீக்கத்தையும் சேர்த்தே ஓட்டும். அதுக்குத் தூசிக்கும் சல்லிவேருக்கும் வித்தியாசம் தெரியாது. 8 மீட்டர் அங்கதான் போயிருக்கும்.

புரொபஷனல் மோடு, 8-பிட் கிரே (கறுப்பு 0 முதல் வெள்ளை 255 வரை), டிஃப். தூசி நீக்கம், ஷார்ப்பனிங், ஆட்டோ எக்ஸ்போஷர் எல்லாம் ஆஃப். குறைஞ்சது 600 (42 மைக்ரான்), முடிஞ்சா 1200 (21). 20×25 செ.மீ. தட்டு 1200-ல 110 எம்.பி. வரும், பரவாயில்ல. ரைசோவிஷன்ல 'உடைந்த வேர்' மோடு (தனித்தனி வேர்த் துண்டுக்கானது), டி.பி.ஐ.யை நீங்களே போடணும். த்ரெஷோல்ட்டை (எந்தச் சாம்பல் அளவு வரை வேர்னு எடுக்கணும்ங்கிற எண்) 200-ல ஆரம்பிச்சு, மென்பொருள் வேர்னு பிரிச்சுக் காட்டுற படத்தை மூலப் படத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு தடவை முடிவு பண்ணினா எல்லா மாதிரிக்கும் அதே எண்.

களிமண்: வேர் ஒண்ணுமேல ஒண்ணு கிடந்தாலும் நீளம் குறையும். பிளாஸ்டிக் இடுக்கியால பிரிச்சு, ரெண்டு மூணு தட்டாப் போடுங்க.

கட்டம்75: கம்ப்யூட்டரே வேண்டாம். 1 செ.மீ. கட்டத்துமேல வேரைப் பரப்பி, கோட்டை வெட்டுற இடங்களை எண்ணி 0.786-ஆல பெருக்கு. டென்னன்ட் 1975-ல சொன்ன முறை. செ.மீ.ல நீளம் வந்துடும்.

சல்லிவேர்: 22 மீட்டருக்கு 2,800 வெட்டு எண்ணணும் ஐயா. நெல் வளர்த்த தொட்டி எத்தனை இருக்கோ!

கட்டம்75: 2 செ.மீ. கட்டம் போடு, 1,400. பெருக்குற எண் 1.571. எக்ஸ்போஷர் மாறுதேன்னு அழ வேண்டாம்.

ஊடுகதிர்: கழுவும்போதே சல்லிவேர்ல பாதி போயிடும். எக்ஸ்ரே சி.டி.ல தொட்டியோட எடுத்தா என்ன?

சல்லிவேர்: 10 செ.மீ. தொட்டி, 2,000 பிக்சல் டிடெக்டர்னா ஒரு வாக்சல் (முப்பரிமாணப் பிக்சல்) 50 மைக்ரான். அதே பக்கவேர் அங்கயும் தெரியாது. இது தண்ணி கட்டின நெல் மண் வேற. வேரும் தண்ணியும் எக்ஸ்ரேல கிட்டத்தட்ட ஒரே சாயல், எதை வச்சுப் பிரிப்பீங்க?

ஊடுகதிர்: வடிய விட்டு எடுக்கலாமே.

மூத்தகுடி: வடிச்சா களிமண் சுருங்கி வெடிக்கும், வெடிப்போட சல்லிவேரும் அறுபடும். கேள்வி ஸ்கேனரைப் பத்தி. சி.டி.க்குத் தனி இழை போடுங்க.

களிமண்: கழுவுறதுல இழப்பைக் குறைக்கலாம். சோடியம் ஹெக்சாமெட்டாபாஸ்பேட் 5 சதவீதக் கரைசல்ல ஊற வச்சா களி தானே கழலும், பீய்ச்சி அடிக்க வேண்டாம். சல்லடை 0.25 மி.மீ. அன்னைக்கே ஸ்கேன் பண்ண முடியலன்னா 50 சதவீத எத்தனால்ல போட்டு 4 டிகிரியில வைங்க.

நாற்றுமுடி: எல்லாம் ஆஃப், 600. ரெண்டு தடவையும் 26 மீட்டர். நன்றி.

சல்லிவேர்: ரெண்டு தடவையும் ஒண்ணா வர்றது வேற, சரியா வர்றது வேற. 0.1 மி.மீ. எனாமல் செம்புக் கம்பி 1 மீட்டர் எடுத்து, 5 செ.மீ. துண்டா வெட்டி, அதே தட்டுல அதே செட்டிங்ல ஓட்டுங்க. நீளம் 1 மீட்டர், விட்டம் 0.1 வருதான்னு பாருங்க. விட்டம் கூட வந்தா த்ரெஷோல்ட் அதிகம்.

கட்டம்75: அந்தக் கம்பியை என் கட்டத்துலயும் போட்டுப் பாருங்க தம்பி.

சல்லிவேர்: நாற்றுமுடி, கம்பி போட்டீங்களா? 1200-லயும் ஒரு தட்டு ஓட்டுங்க. 26-ஐ விட நல்லாக் கூடினா 600 போதல.